யாக்கினிக்கு மேசையில் ஹலால் பேணுவோம்



கல்விக்காகவும் பணிக்காகவும் ஜப்பானுக்குச் செல்லும் நம் சகோதர சகோதரிகளை விரைவிலேயே தேடி வரும் அழைப்புகளுள் ஒன்று, உடன் பணிபுரிவோருடன் 'யாக்கினிக்கு' உண்ண வருமாறு விடுக்கப்படும் அழைப்பு. 'யாக்கி' என்றால் சுட்டது. 'நிக்கு' என்றால் இறைச்சி. மேசையின் நடுவே கரி அடுப்போ எரிவாயு அடுப்போ பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் ஒரு கம்பிவலை. மெல்லியதாக நறுக்கிய பச்சை இறைச்சியைக் கடைக்காரர் தட்டில் கொண்டுவந்து வைப்பார். சுடுவதும், புரட்டுவதும், சாற்றில் தோய்த்து உண்பதும் உண்பவரின் பொறுப்பு.

இந்த அழைப்பு வரும்போது நம்மவர்கள் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். சிலர், "பன்றி இறைச்சியைத் தொடாவிட்டால் போதும்" என்று கூறி மற்றவற்றை உண்டுவிடுகின்றனர். வேறு சிலர், வயிற்று வலி என்றோ வேறு வேலை என்றோ சொல்லி ஒவ்வொரு முறையும் ஒதுங்கிக்கொள்கின்றனர். முதல் வழியில் மார்க்கம் பாதிக்கப்படுகிறது. இரண்டாம் வழியில் உண்மை பாதிக்கப்படுகிறது. நாளடைவில் உறவும் அறுந்துபோகிறது. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது, நம் நிலையை முன்கூட்டியே தெளிவாகவும் கனிவாகவும் எடுத்துச் சொல்வது.

முதலில், பன்றியைத் தவிர்த்தால் போதும் என்ற எண்ணத்தை ஆராய்வோம். பன்றி இறைச்சி மட்டுமன்றி, இறைவனின் பெயர் கூறி முறைப்படி அறுக்கப்படாததும் நமக்கு விலக்கப்பட்டதே. இறைச்சியைப் பற்றி ஐயம் எழுந்தபோது, பிஸ்மில்லாஹ் கூறி உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. இதனைச் சிலர் ஆதாரமாகக் காட்டுகின்றனர். ஆனால், அந்த இறைச்சியைக் கொண்டுவந்தவர்கள் புதிதாக இஸ்லாத்தை ஏற்ற முஸ்லிம்கள் என்பதையும் அதே அறிவிப்பு தெளிவுபடுத்துகிறது. முஸ்லிம்களோ வேதம் கொடுக்கப்பட்டவர்களோ மிகக் குறைவாக வாழும் ஜப்பானின் பொதுவான கடைகளுக்கு அதைப் பொருத்திக் காட்டுவது சரியன்று.

இரண்டாவது, 'தாரே' எனப்படும் சாறு. சோயா சாறு, சர்க்கரை, பூண்டு, எள் ஆகியவற்றுடன், 'சாக்கே' என்னும் அரிசி மதுவையோ, ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 'மிரின்' என்னும் இனிப்பு மதுவையோ அதில் சேர்ப்பது வழக்கம். பல கடைகளில் இறைச்சி மேசைக்கு வருவதற்கு முன்பே இச்சாற்றில் ஊறவைக்கப்பட்டிருக்கும். எனவே, "நான் மது அருந்தவில்லை" என்று மனநிறைவு கொள்பவரின் தட்டிலும் மது கலந்திருக்கலாம்.

மூன்றாவது, கம்பிவலையும் இடுக்கியும். ஒரே வலையில் மாட்டின் விலா இறைச்சியும் பன்றியின் கழுத்து இறைச்சியும் அருகருகே சுடப்படுகின்றன. உருகும் கொழுப்பு ஒன்றோடொன்று கலக்கிறது. வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பயன்படுத்தலாமா என்று அபூ ஸஃலபா அல்குஷனீ (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றைத் தவிர்க்குமாறும், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டுப் பயன்படுத்துமாறும் நபியவர்கள் வழிகாட்டினார்கள். அக்கேள்வியில் பன்றி இறைச்சி சமைத்த பானைகளும் மது அருந்திய கிண்ணங்களும் குறிப்பிடப்பட்டதாக அபூதாவூதின் அறிவிப்பு கூறுகிறது. ஒரு நபித்தோழர் வெட்கப்படாமல் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டதால் அல்லவா, இன்று நமக்கு வழி கிடைத்திருக்கிறது! அவர் கேட்கத் தயங்கவில்லை. நாம் ஏன் தயங்க வேண்டும்?

"இப்படியெல்லாம் கேட்டால் அவர்கள் மனம் புண்படுமே" என்பதே பலரின் அச்சம். ஜப்பானிய மக்களின் வரலாற்றை அறிந்தால் இந்த அச்சம் குறையும். உணவில் விலக்கு என்பது அவர்களுக்கு அந்நியமான கருத்தன்று. கி.பி. 675-இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்பதற்குத் தடை விதித்தார். பௌத்தத்தின் தாக்கத்தால் இறைச்சியைத் தவிர்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டது வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட பின்னரே அது பரவலாயிற்று. இன்றைய யாக்கினிக்கு முறையோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் வாழ்ந்த கொரிய மக்களின் கைவண்ணத்தால் வளர்ந்தது.

பச்சை இறைச்சிக்கும் வெந்த இறைச்சிக்கும் தனித்தனி இடுக்கி வேண்டும் என்று அவர்களே வலியுறுத்துகின்றனர். 2011-இல் யாக்கினிக்கு உணவகங்களில் பச்சை மாட்டிறைச்சி உண்ட ஐவர் கிருமித் தொற்றால் உயிரிழந்தனர். அதன் பின்னர் பச்சை இறைச்சிக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன; 2012 ஜூலையில், பச்சை மாட்டு ஈரலைப் பரிமாறுவதே தடை செய்யப்பட்டது. ஒவ்வாமை உள்ளவர்கள் உணவில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பதும் அங்கே அன்றாட வழக்கம். உடலின் நலனுக்காக ஒருவர் கேட்கும் கேள்வியை மதிக்கும் மக்கள், ஈமானின் நலனுக்காக நாம் பணிவுடன் கேட்பதையும் புரிந்துகொள்வர்.

ஆனால், கேட்பதற்கும் நேரம் உண்டு. அனைவரும் அமர்ந்து அடுப்பு மூட்டிய பிறகு கேட்டால், அழைத்தவருக்குச் சங்கடம், கடைக்காரருக்கும் தொல்லை. இடம் முடிவாகும் முன்பே சொல்லிவிட வேண்டும். டோக்கியோ போன்ற பெருநகரங்களில் ஹலால் யாக்கினிக்கு கடைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நாமே பரிந்துரைக்கலாம். அங்கும் இரண்டொரு கேள்விகள் தேவை. ஹலால் இறைச்சியுடன் ஹலால் அல்லாததையும் பரிமாறும் கடையாயின், வலையும் இடுக்கியும் தனியானவையா, சாற்றில் மது உண்டா என்று கேட்டறிய வேண்டும். அத்தகைய கடை இல்லாத ஊரில், புதிய வலையில் உப்பு மட்டும் தூவிய மீனையும் காய்கறிகளையும் சுட்டு உண்ணலாம். மற்றக் கடல் உணவுகளில் ஷாஃபிஈ மத்ஹபினருக்கு விரிந்த அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபினர் மீனோடு நிறுத்திக்கொள்வர். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால், மதுவே முதன்மையாக இருக்கும் இரவு விருந்தைவிடப் பகல் உணவைத் தேர்ந்தெடுக்குமாறு வேண்டிக்கொள்வது நல்லது.

ஹலால் கடை கிடைத்துவிட்டால் கடமை முடிந்துவிட்டது என்றும் எண்ணலாகாது. 90 நிமிடங்களுக்கோ 120 நிமிடங்களுக்கோ குறிப்பிட்ட தொகை செலுத்தி, வேண்டிய அளவு உண்ணும் முறை யாக்கினிக்கு கடைகளில் பரவலாக உள்ளது. கொடுத்த பணத்திற்கு ஈடாக உண்டே தீர வேண்டும் என்று தட்டுத் தட்டாக வரவழைத்து, கருகவிட்டு, மிச்சம் வைத்து எழுபவர்கள் நம்மிலும் உண்டு. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே இறைவசனம் (7:31) விரயத்தைத் தடுக்கிறது. வீணாக்குவதை எண்ணி வருந்துவதற்கு 'மோத்தாய்னாய்' என்று தனிச் சொல்லே வைத்திருக்கும் மக்களின் முன்னிலையில், ஹலால் இறைச்சியை வீணடித்துவிட்டு ஹலாலைப் பற்றிப் பேசினால், நம் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

இவை அனைத்தையும்விட மேலான ஒரு வழி, அழைப்புக்காகக் காத்திராமல் நாமே அழைப்பது. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள், தமக்கு அறிமுகமில்லாத விருந்தினர் வந்தபோது தாமதியாமல் பொரித்த கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று அல்குர்ஆன் (11:69) கூறுகிறது. நெருப்பில் வெந்த இறைச்சியைப் பிறருக்குப் படைத்து உபசரிப்பது நபிமார்களின் வழிமுறை. ஹலால் இறைச்சி வாங்கி, வீட்டிலோ அனுமதியுள்ள பூங்காவிலோ ஒரு சிறிய கரி அடுப்பை மூட்டி, உடன் பணிபுரிவோரை அழைத்துப் பாருங்கள். அப்போது வலையும் நம்முடையது, இடுக்கியும் நம்முடையது, சாறும் நம்முடையது. நாம் ஏன் சிலவற்றை உண்பதில்லை என்பதை நெடிய விளக்கமின்றியே அவர்கள் அறிந்துகொள்வர். நம் மார்க்கம் மனிதர்களை விட்டு விலகச் சொல்லவில்லை என்பதையும் உணர்ந்துகொள்வர்.

ஹலாலைப் பேணுவதில் உறுதியையும், அதை எடுத்துரைப்பதில் கனிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.