பந்தை யார் கொண்டுபோவது?

2025 ஜூன் 22, ஒக்லஹோமா சிட்டி. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம். ஜெயித்த அணிக்குக் கோப்பை, தோற்ற அணிக்கு வீட்டுக்குப் போகும் விமானம். முதல் கால் பகுதியில் இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி. இண்டியானா பேஸர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் அதற்குள் மூன்று முறை வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து ஒன்பது புள்ளி சேர்த்துவிட்டார். அடுத்த முறை பந்தோடு பாய வலது காலை ஊன்றியவர், யாரும் இடிக்காமலே சரிந்து விழுந்தார். வலியில் உள்ளங்கையால் தரையை அறைந்தார். குதிகாலுக்கு மேலே இருக்கும் அகில்லெஸ் தசைநார் அறுந்துபோயிருந்தது.

1967இல் தொடங்கிய அணி பேஸர்ஸ். பழைய ஏபிஏ லீக்கில் மூன்று முறை கோப்பை வாங்கியிருக்கிறதே தவிர, என்பிஏ கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. இவ்வளவு பக்கத்தில் வந்த ஒரு இரவில் பந்தை ஏற்றி ஆட்டத்தை நடத்தும் அணியின் பாயின்ட் கார்டு தோள் தாங்கலில் வெளியே போனார். இடைவேளையில் பேஸர்ஸ் 48-47 என்று முன்னிலையில்தான் இருந்தது. மூன்றாவது கால் பகுதியில் எதிரணியான ஒக்லஹோமா சிட்டி 34 புள்ளி எடுக்க, பேஸர்ஸால் 20தான் எடுக்க முடிந்தது. கடைசியில் 103-91 என்று தோல்வி.

அந்த இரவிலிருந்து இண்டியானாவில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவர் இடத்தில் யார்? கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. பாயின்ட் கார்டு காயப்பட்டால் காலியாவது ஓர் ஆள் நிற்கும் இடம் மட்டும் இல்லை. அந்த ஆள் செய்துவந்த ஏழெட்டு வேலைகள் ஒரே நேரத்தில் அநாதையாகின்றன. ஆளைத் தேடும் அணிகள் பெரும்பாலும் ஏமாந்திருக்கின்றன. வேலையைப் பிரித்துக் கொடுத்த அணிகள் ஓரளவாவது கரையேறியிருக்கின்றன.

என்ன வேலை அது? தன் பக்கத்துக் கூடைக்குக் கீழே பந்தை வாங்க வேண்டும். எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். மொத்தம் 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். அதற்குள் எதிரணியில் யார் களைத்திருக்கிறார், தன் அணியில் யாருக்குக் கை நன்றாக ஓடுகிறது, மூலையில் நிற்பவன் இன்று இரண்டு தவறவிட்டிருக்கிறானா, அவனுக்கு இன்னொன்று கொடுத்து நம்பிக்கை ஏற்றலாமா என்று கணக்குப் போட வேண்டும். இத்தனையையும் முழங்கால் அருகே தட்டிக்கொண்டிருக்கும் பந்தைப் பார்க்காமலே செய்ய வேண்டும். ஹாலிபர்ட்டன் 2024-25 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 9.2 அசிஸ்ட் (சக வீரரின் கூடையில் முடியும் பாஸ்) கொடுத்தார். பந்தைப் பறிகொடுத்தது 1.6 முறைதான். இரண்டாவது எண்தான் பெரிது. வேகமாக ஓடும் ஓர் அணி இவ்வளவு குறைவாகப் பந்தை இழப்பது அபூர்வம். அவர் போன பிறகு அந்த ஏழாவது ஆட்டத்தில் பேஸர்ஸ் பந்தை எதிரணியிடம் விட்டுக்கொண்டே இருந்தது. தோல்வி அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

இப்போது கூட்டல் கணக்கு. அதே சீசனில் அவரோடு சேர்ந்து ஆடிய ஆண்ட்ரூ நெம்பர்ட் ஆட்டத்துக்கு 5 அசிஸ்ட். பெஞ்சிலிருந்து வரும் டி.ஜே. மெக்கானல் 4.4. இரண்டையும் கூட்டினால் 9.4. ஹாலிபர்ட்டன் கொடுத்ததைவிடவும் அதிகம். தாளில் ஓட்டை அடைபட்டுவிட்டது. ஆனால் அந்த 9.4 ஏற்கெனவே ஹாலிபர்ட்டனின் 9.2க்கு மேல் வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டே இதை ஈடுகட்ட முடியாது. இருக்கிற சோற்றையே இரண்டாம் பந்திக்கும் எண்ணிக் காட்டுவது போலத்தான் இது.

மெக்கானலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆறடி ஓரங்குலம். புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2015இல் எந்த அணியும் எடுக்காத ஆள். தன் அணி கூடை போட்டுவிட்டால் மற்றவர்கள் தற்காப்புக்குத் திரும்பி ஓடுவார்கள். இவர் ஓடுவதுபோல் ஓடி, பாதியில் திரும்பி, எதிரணி பந்தை உள்ளே தள்ளும் அந்த ஒரு நொடியில் குறுக்கே கை நீட்டுவார். அப்படிப் பறித்தே பழகியவர். 2021 மார்ச்சில் கிளீவ்லேண்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்து முறை பந்தைப் பறித்தார். ஹாலிபர்ட்டன் விழுந்த அந்த இரவில்கூட, மூன்றாவது கால் பகுதியில் மட்டும் 12 புள்ளி எடுத்து அணியை இழுத்துப் பிடித்தார். இப்படிப்பட்டவரைத் தொடக்க ஐவரில் போட்டால் போதாதா என்று எந்த ரசிகருக்கும் தோன்றும். போதாது. அந்தச் சீசனில் அவர் ஆடியது ஆட்டத்துக்குப் பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்துக்காக நுரையீரலில் இருப்பதையெல்லாம் செலவழிப்பதால்தான் அவர் மெக்கானல். 34 நிமிடம் ஆடச் சொன்னால் அந்த வேகம் பாதியாகும். கூடவே, பெஞ்சிலிருந்து வந்து ஆட்டத்தைத் திருப்பும் ஆள் இல்லாமல் போவார். ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டிய கதை.

இந்தப் பாடத்தை 2015இல் கிளீவ்லேண்ட் உடம்பால் படித்தது. கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே பாயின்ட் கார்டு கைரி இர்விங்குக்கு முழங்கால் சில்லு உடைந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மேத்யூ டெல்லவடோவா. இவரும் டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். இரண்டாவது ஆட்டத்தில் ஸ்டீபன் கர்ரியை நிழலாகத் தொடர்ந்தார். கர்ரி 23 முறை எறிந்து ஐந்துதான் உள்ளே போனது. மூன்றாவது ஆட்டத்தில் இவரே 20 புள்ளி எடுத்தார். கிளீவ்லேண்ட் 2-1 என்று முன்னிலை. ஊரே கொண்டாடியது. அன்றிரவு டெல்லவடோவா தசைப்பிடிப்பு தாங்காமல் மருத்துவமனையில் இருந்தார். அதற்குப் பின் மூன்று ஆட்டமும் தோல்வி. பந்தைக் கொண்டுபோகும் சுமை முழுக்க லெப்ரான் ஜேம்ஸ் தலையில். அந்தத் தொடரில் அவர் சராசரி 35.8 புள்ளி, 13.3 ரீபவுண்ட், 8.8 அசிஸ்ட். ஒரு மனிதனால் செய்ய முடிந்ததன் உச்சம் அது. கோப்பைக்கு அது போதவில்லை.

இருக்கிற நட்சத்திரத்திடமே பந்தையும் கொடுத்துவிடு என்பது இரண்டாவது வழி. அதன் விலையை 2013இல் ஒக்லஹோமா சிட்டியும் கொடுத்தது. 60 வெற்றியோடு மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி. சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் முதல் சுற்றில் பாயின்ட் கார்டு ரசல் வெஸ்ட்புரூக்கின் முழங்காலில் அடி. கெவின் டூரன்ட் எறியவும் வேண்டும், பந்தை ஏற்றவும் வேண்டும் என்றானது. இரண்டாம் சுற்றில் மெம்ஃபிஸ் 4-1 என்று கதையை முடித்தது.

மூன்றாவது ஆசை, வெளியிலிருந்து ஒரு பெரிய பெயரைக் கொண்டுவருவது. ரசிகர்களுக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் என்பிஏவில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. காயப்பட்டவருக்கும் முழுச் சம்பளம் அந்தக் கணக்கிலேயே நிற்கிறது. சீசன் முழுக்க ஆட முடியாதவருக்குப் பதிலாக ஒருவரை எடுக்க விதிவிலக்கு உண்டு. அதிலும் காயப்பட்டவரின் சம்பளத்தில் பாதிக்கு மேல் போக முடியாது, அதுவும் ஓராண்டு ஒப்பந்தம்தான். அந்தப் பணத்துக்குக் கிடைப்பவர்கள் மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்டவர்கள். 2012இல் நியூயார்க் நிக்ஸ், முதுகுக் காயத்திலிருந்து தேறிவந்த பேரன் டேவிஸ் என்ற பெரிய பெயருக்காகக் காத்திருந்தது. அணியைக் காப்பாற்றியது பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஜெரமி லின். அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பையன் பிப்ரவரி 4 அன்று 25 புள்ளி எடுத்தார், ஒரு வாரத்துக்குள் லேக்கர்ஸுக்கு எதிராக 38. அவரும் மார்ச்சில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். கடைசியில் டேவிஸ் இறங்கினார். பிளேஆஃபில் அவருடைய முழங்காலும் போயிற்று.

இந்த வழிகள் எல்லாவற்றையும் ஒரே அணியில் பார்க்க வேண்டுமென்றால் சிகாகோ புல்ஸுக்குப் போக வேண்டும்.

அந்த அணியின் பாயின்ட் கார்டு டெரிக் ரோஸ் 2011இல் 22 வயதில் என்பிஏவின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். அந்த வயதில் வேறு யாரும் வாங்கியதில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 28, பிளேஆஃப் முதல் ஆட்டம், வெற்றி ஏறக்குறைய உறுதியான கடைசி நிமிடங்களில் இடது முழங்கால் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. முதலிடத்தில் இருந்த அணி எட்டாமிடத்தில் இருந்த பிலடெல்பியாவிடம் அந்தச் சுற்றிலேயே தோற்றது. அடுத்த சீசன் முழுக்க ரோஸ் இல்லை. கர்க் ஹைன்ரிக், நேட் ராபின்சன் இருவரும் வேலையைப் பங்கிட்டார்கள். ராபின்சன் ஐந்தடி ஒன்பதங்குலம். சின்ன ஒப்பந்தத்தில் வந்தவர். புரூக்ளினுக்கு எதிராக மூன்று கூடுதல் நேரம் வரை போன ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில், நான்காவது கால் பகுதியில் மட்டும் 23 புள்ளி எடுத்து, தோற்றுவிட்ட ஆட்டத்தைத் திரும்பப் பிடுங்கிவந்தார். அதே ஆட்டத்தில் ஏறக்குறைய அறுபது நிமிடம் ஓடிய ஹைன்ரிக்குக்குக் கெண்டைக்கால் போய், அந்தத் தொடரில் மறுபடி இறங்கவே முடியவில்லை. அப்படியும் சிகாகோ அந்தச் சுற்றை வென்றது.

ரோஸ் திரும்பி வந்து பத்தே ஆட்டத்தில், 2013 நவம்பரில் மறுபடி காயம், இம்முறை வலது முழங்கால். பயிற்சியாளர் டாம் திபடோ அப்போது செய்தது கவனித்துப் படிக்க வேண்டியது. டொராண்டோ கழற்றிவிட்ட டி.ஜே. ஆகஸ்டினை டிசம்பரில் சேர்த்தார்கள்; எறிவது அவர் பொறுப்பு. பந்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலை போனது ஆறடி பதினோரங்குல சென்டர் ஜோவகிம் நோவாவிடம். கூடைக்குப் பதினைந்தடி தள்ளி, பந்தைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நோவா நிற்பார். மற்ற நால்வரும் அவரைச் சுற்றி வெட்டி ஓடுவார்கள். யார் ஆளைக் கழற்றினாரோ அவர் கைக்குப் பந்து போகும். சென்டர் ஒருவர் ஆட்டத்துக்கு 5.4 அசிஸ்ட். ரோஸ் பத்து ஆட்டம் மட்டுமே ஆடிய அந்தச் சீசனில் அணி 48 ஆட்டம் ஜெயித்தது. பாயின்ட் கார்டு என்ற ஆள் அங்கே இல்லை; பாயின்ட் கார்டின் வேலை அத்தனையும் நடந்தது.

ஹாலிபர்ட்டன் இல்லாத பேஸர்ஸுக்குப் பொருந்தியிருக்கக்கூடியதும் இதுதான். நெம்பர்ட் பந்தை ஏற்றியிருக்கலாம். ஆனால் எதிரணியின் முதல் ஆட்டக்காரனைக் காவல் காப்பதும் அவர்தான். இறுதிச் சுற்றில் ஒக்லஹோமா சிட்டியின் ஷை கில்ஜியஸ் அலெக்சாண்டரோடு மல்லுக்கட்டியதும் அவர்தான். இரண்டு வேலையையும் ஒரே கால் தாங்காது. ஆகவே நடுவில் நின்று பந்தை வாங்கிப் பிரிக்கும் வேலை சக வீரர் பாஸ்கல் சியாகமுக்குப் போயிருக்க வேண்டும். முன்பு டொராண்டோவில் அவர் பழகிய வேலைதான். மெக்கானலின் பதினெட்டு நிமிடத்தைக் கூட்டாமல் காப்பாற்றியிருக்க வேண்டும். இதில் ஹாலிபர்ட்டனின் வேகம் வந்திருக்காது. வராததை வரவழைக்க முயல்வதுதான் ஆபத்து. இருக்கிற கால்களுக்கு ஏற்ப ஆட்டத்தின் வேகத்தையே கொஞ்சம் குறைத்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. சென்டர் மைல்ஸ் டர்னர் மில்வாக்கிக்குப் போய்விட்டார். சீசன் தொடங்கும் முன்பே மெக்கானலுக்குத் தொடைப் பின்தசையில் காயம். தொடங்கிய சில நாளில் நெம்பர்டுக்குத் தோளில். மாற்று ஆளும், மாற்றுக்கு மாற்று ஆளும் ஒரே நேரத்தில் வெளியே. இறுதிச் சுற்று ஆடிய அணி முதல் 14 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. நிர்வாகத்தின் மேல் சொல்லக்கூடிய குறை இங்கேதான். ஹாலிபர்ட்டன் ஆடமாட்டார் என்பது ஜூலையிலேயே தெரியும். நம்பிப் பந்தைக் கொடுக்கக்கூடிய மூன்றாவது கை ஒன்றைக் கோடையிலேயே தேடிவைத்திருக்க வேண்டும். 15 பேர் கொண்ட பட்டியலில் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாதது, மலிவானது. அதனால்தான் எல்லா அணிகளும் அதைக் கடைசியில் யோசிக்கின்றன.

ஒரு முடிவில் மட்டும் பேஸர்ஸை முழு மனதோடு பாராட்ட வேண்டும். 2025-26 சீசன் முழுக்க ஹாலிபர்ட்டனை இறக்க மாட்டோம் என்று ஜூலையிலேயே அறிவித்துவிட்டார்கள். கெண்டைக்கால் காயத்தோடுதான் அவர் அந்தக் கடைசி இரண்டு ஆட்டத்திலும் இறங்கினார். 2019 இறுதிச் சுற்றில் டூரன்டும் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பி இறங்கித்தான், இறங்கிய முதல் ஆட்டத்திலேயே அகில்லெஸை இழந்தார். அடுத்த சீசன் முழுக்க வெளியே இருந்தார். 2025 பிளேஆஃபில் அதே தசைநாரை இழந்தவர்கள் மூன்று பேர்: மில்வாக்கியின் டேமியன் லில்லார்ட், பாஸ்டனின் ஜேசன் டேட்டம், பிறகு ஹாலிபர்ட்டன். மூவரின் சட்டையிலும் ஒரே எண், பூஜ்ஜியம். மே மாதத்தில் டேட்டமும் ஏப்ரலில் லில்லார்டும் விழுந்ததைப் பார்த்த பிறகும், ஜூனில் கோப்பை கண்ணில் பட்டபோது வலிக்கும் காலோடு ஓர் இளைஞர் களத்துக்குள் போனார். அணியில் அவர் வேலையை இருபது நிமிடத்துக்காவது பங்கிட்டுக்கொள்ள ஏற்பாடு முன்பே இருந்திருந்தால், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் யாருக்காவது வந்திருக்கும். அன்று இரவு ஆட்டம் முடிந்து தோற்றுத் திரும்பியவர்களை உள்ளே ஊன்றுகோலோடு நின்று வரவேற்றவர் ஹாலிபர்ட்டன்.