அடிக்க மட்டும் ஓர் ஆள்!

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பந்து எறிபவர் மட்டை பிடிக்க வேண்டியதில்லை. அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவர் வருவார். அடிப்பார், ஓடுவார், போய் உட்கார்ந்து கொள்வார். பந்து தடுக்கும் வேலை அவருக்குக் கிடையாது!

முன்பு எறிபவரும் அடிக்க வேண்டும். பெரும்பாலோர் வந்த வேகத்தில் அவுட்! அங்குள்ள இரண்டு பெரிய லீகுகளில், அமெரிக்கன் லீக் 1973-ல் விதியை மாற்றியது. நேஷனல் லீக் 2022-ல்தான் நிரந்தரமாக இணங்கியது.

எனக்கு இது பிடிக்கவில்லை. நன்றாக எறிந்துகொண்டிருப்பவரின் முறை வரும். ஆட்டமோ இக்கட்டில். வேறு ஆளை இறக்கினால் அவர் திரும்ப வர முடியாது. மானேஜர் தலையைச் சொறிவார். அந்தத் தவிப்பு இப்போது எங்கே?

இரண்டு வேலையும் செய்பவருக்குத் தனி மவுசு இருக்கத்தான் செய்கிறது. ஜப்பானியர் ஷோஹெய் ஒதானி எறிவதிலும் சூரர், அடிப்பதிலும் சூரர். அப்படிப்பட்டவர் எறிவதை நிறுத்திய பிறகும் அடிக்கலாம் என்று 2022-ல் விதியையே தளர்த்தினார்களே!