பிள்ளையின் கிரெடிட்டுக்கு எல்.சி. திறந்தீர்களா?

எங்கள் சாய்ந்தமருதில் 2004 சுனாமிக்குப் பின்னர் அரச சார்பற்ற நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் ஏராளம். எனது ராத்தாவின் கணவரும் அவர்களில் ஒருவர். வீடமைப்புத் திட்டமொன்றில் கள உத்தியோகத்தராக இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்த மருமகன், உயர்தரம் முடித்ததும் சர்வதேச அபிவிருத்தித் துறையில்தான் பட்டம் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். கொழும்பில் தனியார் கல்வி நிறுவனமொன்றில் இரண்டு வருடம், மீதி இரண்டு வருடம் அமெரிக்காவில். "2+2" என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

நான் இறக்குமதி வியாபாரம் செய்பவன். கிரெடிட் என்றால் எங்கள் அகராதியில் கடன். பிள்ளைகளின் படிப்பில் அது வேறு சாமான் என்பதை மருமகன் விடயத்தில்தான் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் விலை கூடிய பாடம்.

அமெரிக்கப் பட்டமொன்றுக்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகள் தேவை. மருமகன் கொழும்பில் 60 முடித்துக்கொண்டு போனான். அங்குள்ள பல்கலைக்கழகம் 60ஐயும் ஏற்றுக்கொள்கிறோம் என்று கடிதம் தந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். முதல் தவணை முடிவில் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, 60ல 39தான் பட்டத்துக்குக் கணக்கு வருதாம். மத்தது சும்மா நிக்கிது" என்றான்.

இந்த "சும்மா நிக்கிது" என்பதில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. பல்கலைக்கழகம் பொய் சொல்லவில்லை. 60ம் அவனது பெயரில் பதியப்பட்டுத்தான் இருக்கின்றன. ஆனால் பட்டத்துக்கென்று வகுக்கப்பட்ட கட்டாயப் பாடங்கள் வேறு, விருப்பம்போல் எடுக்கும் தெரிவுப் பாடங்கள் வேறு. தெரிவுப் பாடக் கூடைக்கு ஓர் அளவு உண்டு. அது நிரம்பிய பின் வருவதெல்லாம் வெளியே சிந்தும். கொழும்பில் படித்த வர்த்தகப் பாடங்கள் மூன்றும் (9 கிரெடிட்) அப்படிச் சிந்தின. அபிவிருத்தி பற்றிய இரண்டு பாடங்களை (6 கிரெடிட்) அங்கே மூன்றாம் வருட மட்டத்தில் கற்பிக்கிறார்கள். முதலாம் வருட மட்டத்தில் படித்தது அதற்கு ஈடாகாது என்றார்கள். மட்டக்களப்பில் செய்த களப்பயிற்சிக்கு இன்னும் 6. எத்தனை மணித்தியாலம், யார் மேற்பார்வை, எப்படி மதிப்பிட்டார்கள் என்ற பத்திரம் எதுவும் அவனிடம் இல்லை. இத்துறையில் களப்பயிற்சிதான் உயிர். அதையே காகிதமில்லாமல் செய்துவிட்டு வந்திருக்கிறான்.

ஆக 21 கிரெடிட்டுகள். அந்தப் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் ஒன்றுக்கு 500 டொலர். டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டாலும் 31 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. ஒன்றரைத் தவணைக்கான தங்குமிடமும் சாப்பாடும் தனி. 2022 மார்ச்சுக்கு முன் சுமார் 200 ரூபாவில் நின்ற டொலரை மனதில் வைத்துத் திட்டம் போட்ட குடும்பம் அது. ராத்தா தோட்டக் காணியொன்றை விற்றார்.

இந்தக் கிரெடிட் கணக்கு பிறந்த கதையும் வியாபாரக் கதைதான். 1905இல் அன்ட்ரூ கார்னகி, ஓய்வுபெறும் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்கென 10 மில்லியன் டொலர் ஒதுக்கினார். எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. படிப்பை மணித்தியாலத்தில் அளக்கும் வழக்கம் அங்கே உறுதிப்பட்டது. இன்று ஆளுக்கொரு படி வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம், ஐரோப்பாவில் 25 முதல் 30, மலேசியாவில் 40, எங்கள் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் 50. பிரித்தானியப் பட்டத்துக்கு 360, ஐரோப்பாவில் மூன்று வருடப் பட்டத்துக்கு 180. எனவே "240 கிரெடிட் கொண்ட டிப்ளோமா" என்று யாரும் சொன்னால், எந்த நாட்டுப் படியால் அளந்தது என்று முதலில் கேளுங்கள்.

எதிர்த்திசையில் வந்தவர்களையும் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் சில கூட்டாக நடத்திய "ஐல்" என்ற திட்டத்தில், அந்நாட்டு மாணவர்கள் கண்டிக்கு வந்து ஒரு தவணை படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களது கல்லூரிகளே பங்காளிகளாக இருந்ததால் இங்கே படிப்பது அங்கே எந்தக் கணக்கில் விழும் என்பது முன்கூட்டியே பேசப்பட்ட விடயம். பொதுவாகவே அங்குள்ள பிள்ளை வெளிநாட்டில் ஒரு தவணை படிக்கப் போகுமுன், பாடம் பாடமாகத் தன் துறையிடம் ஒப்புதல் வாங்குகிறது. காணி உறுதியை அடகு வைத்துப் போகும் எங்கள் பிள்ளையோ போய் இறங்கிய பிறகு கேட்கிறது.

எங்களில் எந்த வியாபாரியாவது எல்.சி. திறக்கப்படாமல் கொள்கலனைக் கப்பலில் ஏற்றச் சம்மதிப்பானா? சரக்கு நல்லது என்று வங்கி பணம் தருவதில்லை. பத்திரம் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் தரும். பல்கலைக்கழகமும் அப்படித்தான். கொழும்பு முகவரின் "எல்லாம் போகும்" என்ற வாய்வார்த்தைக்கு அங்கே செல்லுபடி இல்லை. தேவை, போகவிருக்கும் பல்கலைக்கழகமே, போகவிருக்கும் துறைக்கென்று, இன்ன பாடம் எங்கள் இன்ன பாடத்துக்குச் சமம் என எழுதித் தரும் பத்திரம். ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டம், நூற்பட்டியல், மணித்தியாலக் கணக்கு எல்லாவற்றையும் படிக்கும்போதே சேர்த்து வைக்க வேண்டும். நிறுவனம் மூடிவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

தனியார் நிறுவனங்கள் மீது முழுப் பழியையும் போட நான் தயாரில்லை. கேட்காத வாடிக்கையாளனுக்கு எந்தக் கடைக்காரனும் விபரம் சொல்வதில்லை. ஆனால் ஊர்ப் புலமைப்பரிசில் நிதியங்கள் கேட்கலாம். அனுமதிக் கடிதத்தின் பிரதியைப் பார்த்துவிட்டுக் காசோலை எழுதுகிறார்கள். சமப்பாடப் பத்திரம் இல்லாமல் ஒரு சதமும் இல்லை என்று நான்கு நிதியங்கள் சொன்னால் போதும், நிறுவனங்கள் தாமாகவே அதை அச்சடித்து வைத்திருக்கும்.

இப்போது மருமகனின் தங்கையும் அதே வழியில் போகப் பார்க்கிறாள். மூன்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கிறோம். ஒன்றிலிருந்து எட்டுப் பாடங்களுக்குப் பதில் வந்திருக்கிறது. ஒன்பதாவது, களப்பயிற்சி. அதற்குப் பதில் வரும்வரை கட்டணம் கட்ட வேண்டாம் என்று ராத்தாவிடம் சொல்லியிருக்கிறேன். கொழும்பிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை அழைக்கிறார்கள்.