கிணறு எங்கே என்று வங்கி கேட்காது



கொஞ்சம் நீளமான பதிவு. வங்கிக் கடனில் வீடு, காணி வாங்க நிற்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் அப்படி நிற்கிற யாருக்காவது அனுப்பிவிடுங்கள்.

போன கிழமை பாடசாலை ஓய்வறையில் ஒரு இளம் ஆசிரியர் கொதித்துக்கொண்டிருந்தார். "சேர், காணி வாங்குறது நான். கடன் கட்டப்போறதும் நான். சட்டத்தரணிக்குக் காசு குடுக்கிறதும் நான். ஆனா ஆளை மட்டும் வங்கி தன்ர பட்டியலில இருந்துதான் தருமாம். எங்கட நொத்தாரிசு ஐயா எத்தினை வருசமா எங்கட குடும்பத்து உறுதியெல்லாம் எழுதினவர். அவர் எழுதினா ஏலாதாம்."

பக்கத்தில் இருந்த இன்னொருவர் ஆறுதல் சொன்னார்: "விடுங்கோ. வங்கியே பாத்துக் காசு குடுக்குதெண்டா காணி சுத்தம்தானே. நீங்கள் ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறீங்கள்?"

இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி, பாதி பிழை. அந்த இரண்டு பிழையையும் நானே விட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தீவுப்பகுதியில் இரண்டு பரப்புக் காணியும் ஒரு பழைய வீடும் விலைக்கு வந்தன. விற்றவர் நம் ஆள், நல்ல மனிதர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு புத்தளம் போய், போர் முடிந்த பிறகு தனியே திரும்பி வந்து வீட்டைத் திருத்தி இருந்தவர். காணி அவருடைய வாப்பாவின் பெயரில் இருந்தது. வாப்பா மௌத்தான பிறகு, இவர் தன் பெயரில் ஒரு வெளிப்படுத்தல் உறுதி எழுதிவைத்திருந்தார். எனக்குத் தெரிந்த நொத்தாரிசு அதைப் பார்த்துவிட்டு, "அவர்தானே இருந்து ஆளுறார், ஊருக்கே தெரியும், எழுதலாம்" என்றார். நானும் சந்தோசமாக முற்பணம் கொடுத்தேன்.

வங்கியின் சட்டத்தரணி யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்துவிட்டு, உரித்துத் தெளிவில்லை என்று அறிக்கை எழுதினார். கடன் நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே போய்க் கேட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இறந்தவருக்குப் பிள்ளைகள் எத்தினை பேர்?"

இரண்டு பேர். மூத்த ராத்தா புத்தளத்தில். நம் வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. அவவைக் கேட்காமல் தம்பி எழுதிய உறுதி அவவின் பங்கை விழுங்கிவிட முடியாது. கூட்டுப் பங்காளிகளில் ஒருவர் தனியே இருந்து அனுபவித்தார் என்பதால் மட்டும் மற்றவரின் உரிமை போய்விடாது. அதற்கு மேல், போரால் தங்கள் காணிக்கு வர முடியாமல் போனவர்களுக்கு எதிராகப் பத்து வருட ஆட்சியைக் காட்டக்கூடாது என்பதற்காகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். 1990இல் எங்களிடமிருந்து பறிக்கப்பட்டதைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர்கள் நாங்கள். அப்படி விரட்டப்பட்ட ஒரு பெண்ணின் பங்கையே, தெரியாத்தனமாக, நான் வாங்கப் போயிருக்கிறேன். தடுத்தது ஊர் நொத்தாரிசும் இல்லை, என் ஈமானும் இல்லை. முன்பின் தெரியாத வங்கிச் சட்டத்தரணி.

கடைசியில் அந்த ராத்தா புத்தளத்திலிருந்து வந்து, தன் பங்குக்குரிய காசைப் பெற்று, தம்பியோடு சேர்ந்து உறுதியில் ஒப்பமிட்டா. வாசலில் நின்று வீட்டைப் பார்த்து அழுதா. நான் அதை மறக்க மாட்டேன்.

ஆகவே அந்த இளம் ஆசிரியருக்கு என் பதில்: வங்கி தன் ஆளைத்தான் வைப்பேன் என்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தீவுகளில் எத்தனையோ காணிகளின் உரிமையாளர்கள் புத்தளத்திலோ கனடாவிலோ இலண்டனிலோ இருக்கிறார்கள். உறுதிகள் இடப்பெயர்வில் தொலைந்தன. இருந்தவர் ஆண்டார், ஆண்டவர் எழுதினார். நம்மைத் தெரிந்த நொத்தாரிசுக்கு நம் முகம் தெரியும்; அதனாலேயே சில கேள்விகளைக் கேட்க அவருக்குக் கூச்சம். முகம் தெரியாதவர் முப்பது வருடப் பதிவேட்டைப் புரட்டுவார்.

இனி இரண்டாமவருக்கு. "வங்கி பார்த்தால் போதும்" என்று நானும் நினைத்தேன். வரைவு உறுதியைக் கொண்டுவந்து வீட்டில் வாசித்துக் காட்டியபோது உம்மா கேட்டா: "கிணறு எங்க வாப்பா?"

அந்த வீட்டுக்குத் தனிக் கிணறு இல்லை. பக்கத்துக் காணியில் இருக்கும் நன்னீர்க் கிணற்றில் பங்கு. பழைய உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பங்கும் தெளிவாக எழுதியிருந்தது. இடையில் எழுதிய வெளிப்படுத்தல் உறுதியில் அது விடுபட்டது. அதைப் பார்த்து எழுதிய வரைவிலும் இல்லை. சட்டத்தரணியிடம் கேட்டபோது அமைதியாகச் சொன்னார்: "வங்கியின்ர ஈட்டுக்கு அது தடையில்லை."

அவர் பொய் சொல்லவில்லை. நான் கடனைக் கட்டாவிட்டால் அந்தக் காணியை விற்றுக் காசை எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கேள்வி. அங்கே குடியிருந்து சமைத்துக் குளித்து ஒளு எடுக்க முடியுமா என்பது என் கேள்வி. தீவில் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் மெல்லிய படையாகக் கிடக்கிறது, அதற்குக் கீழே உப்பு. நல்ல தண்ணீர்க் கிணற்றுப் பங்கில்லாத வீடு நமக்கு வீடா? பிறகு நானே ஒரு நொத்தாரிசைத் தனியாகப் பிடித்து, பழைய உறுதியைக் காட்டி, அந்த வரியைத் திரும்பச் சேர்ப்பித்தேன். அவருக்குக் கொடுத்த கூலி, கடனின் ஒரு மாதத் தவணைகூட வரவில்லை.

இலண்டனில் இருக்கும் சொந்தங்கள் தொலைபேசியில், "இஞ்ச ஒரே சொலிசிட்டர்தான் எல்லாத்தையும் பாப்பார்" என்பார்கள். அங்கே பெரும்பாலும் வங்கியின் பட்டியலில் உள்ள ஒரே சொலிசிட்டர் வாங்குபவருக்கும் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்வார், இருவருக்கும் பொறுப்பாவார். இங்கே உரித்து அறிக்கை வங்கிக்கு எழுதப்படுவது. காசு நாம் கொடுத்தாலும் அவர் நம் ஆள் இல்லை. அந்த நாட்டு அனுபவத்தை வைத்து இங்கே நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

நான் கற்றுக்கொண்டவை:

1. முற்பணம் கொடுக்க முன்பே பதிவேட்டுப் பிரதியை எடுத்துப் பாருங்கள். உறுதி தொலைந்திருந்தாலும் அதன் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். நெடுந்தீவு, நயினாதீவுக்காரருக்குக் குறிகாட்டுவானில் இறங்கி யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் போகும். அந்த நாளைச் செலவழியுங்கள்.

2. விற்பவரின் தாய் தகப்பன் யார், சகோதரங்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். பிரிக்கப்படாத பங்கு என்றால் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்வாங்குரிமைச் சட்டம் அதற்குத்தான்.

3. வங்கிச் சட்டத்தரணியின் உரித்து அறிக்கையில் ஒரு பிரதி கேளுங்கள். காசு கொடுத்தது நீங்கள்.

4. விற்பனை உறுதியை உங்கள் நொத்தாரிசு எழுதலாமா என்று வங்கியைக் கேளுங்கள். விடாவிட்டால், வரைவையாவது அவரிடம் காட்டுங்கள். கிணறு, பாதை, எல்லை, நில அளவைப் படம் நான்கையும் நேரில் காணியில் நின்று ஒப்பிடுங்கள்.

5. ஈட்டு உறுதி ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் விளக்கிச் சொல்லும்வரை ஒப்பமிடாதீர்கள்.

வட்டியைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். அது உங்கள் ஆலிமிடம் கேட்க வேண்டிய கேள்வி. வட்டியில்லா முறையில் போனாலும் காணியைப் பார்க்கிறவர் அந்த நிறுவனத்தின் ஆள்தான், எனவே மேலே சொன்னதில் எதுவும் மாறாது.

இந்த நாட்டில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில் நடக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன், குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றித்தான் பேசுகிறது. சூறா அல்பகரா, 282. எழுதச் சொன்னது ஒருவரை ஒருவர் நம்பாததால் இல்லை. நாளை நம் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் ஒரு கிணற்றடியில் நின்று சண்டை பிடிக்காமல் இருக்கத்தான்.

வங்கிச் சட்டத்தரணியோடு கோபிக்காதீர்கள். அவரிடம் உங்கள் வேலையை ஒப்படைத்துவிடவும் வேண்டாம். அவர் வங்கியின் காசைக் காக்கட்டும். உங்கள் வீட்டையும், அங்கே இல்லாதவரின் பங்கையும் காக்க வேண்டியவர் நீங்கள்.

அல்லாஹ் எல்லோருக்கும் சச்சரவில்லாத ஒரு வீட்டைத் தரட்டும்.