கார்புரேட்டரைக் கழற்றும் முன்

மைலேஜ் விழுந்துவிட்டது, சீக்கிரம் ஹீட் ஆகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறுகிறது. இந்த மூன்று புகாரோடு ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர் பட்டறைக்குள் நுழைந்தால், நம் கை நேரே கார்புரேட்டருக்குத்தான் போகிறது. ஜெட்டை ஊதுகிறோம், ஃப்ளோட்டைச் சரிபார்க்கிறோம், மிக்சர் ஸ்குரூவை அரைச் சுற்று இப்படியும் அப்படியும் திருகுகிறோம். அதே கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் பைப்பை மட்டும் யாரும் தொடுவதில்லை. சில வண்டிகளில் அந்தப் பைப்பே இருக்காது. டியூபின் வாயில் ஒரு ஸ்குரூவைத் திணித்து அடைத்திருப்பார்கள். கேட்டால், “அது இல்லாமலே நல்லாத்தானே ஓடுது” என்பார்கள்.

ஓடும்தான். பி.எம்.சி. பி-சீரிஸ் வழிவந்த அந்த 1489 சிசி எஞ்சினில் டைமிங்கை முன்னே தள்ள இரண்டு ஏற்பாடுகள் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்டுகள் எஞ்சின் வேகத்துக்கு ஏற்பத் தள்ளும். வெளியே தெரியும் வேக்கம் யூனிட் சுமைக்கு ஏற்பத் தள்ளும். த்ராட்டில் கொஞ்சமாகத் திறந்து சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு. குறைந்த கலவை மெதுவாக எரியும். ஆகவே ஸ்பார்க் முன்கூட்டியே வர வேண்டும். முழுக்க மிதித்தால் வேக்கம் விழுந்து, டைமிங் தானாகப் பின்வாங்கி, நாக்கிங் தவிர்க்கப்படும்.

இதனால்தான் அடைத்த பைப் நம்மிடம் மாட்டுவதில்லை. பட்டறையிலிருந்து வண்டியை வெளியே எடுத்து முழுக்க மிதித்து மேடேற்றிப் பார்க்கிறோம். அந்த நிலையில் வேக்கம் யூனிட்டுக்கு வேலையே இல்லை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போதுதான் நெருப்பு தாமதமாக எரிந்து, சூடு எக்ஸாஸ்டுக்குப் போகிறது. நஷ்டம் பெட்ரோல் பங்கில் தெரியும்; அப்போது நாம் அங்கே இருப்பதில்லை.

இரண்டாவது கோளாறு, பைப்பைத் தவறான இடத்தில் மாட்டுவது. அசல் கார்புரேட்டரில் இதற்கான துளை, மூடிய த்ராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டி, சற்று மேலே இருக்கும். ஐடிலிங்கில் அங்கே வேக்கம் இராது. தகடு லேசாகத் திறந்ததும் வரும். வேறு வண்டியின் கார்புரேட்டரைப் பொருத்தும்போது அந்தத் துளை இல்லையென்றால், மேனிஃபோல்டிலிருந்து நேராக ஒரு இணைப்பு எடுத்துவிடுகிறார்கள். அங்கே ஐடிலிங்கிலேயே முழு வேக்கம் இருக்கும். ஐடில் எகிறும், ஸ்லோ ஸ்குரூவைத் தளர்த்திச் சமாளிப்பார்கள். அதோடு, பைப் மாட்டியபடியே டைமிங் லைட் பிடித்தால், வேக்கம் கொடுத்த அட்வான்ஸும் கணக்கில் சேர்ந்துவிடும். அடிப்படை டைமிங் அந்த அளவுக்குப் பின்தங்கி நிற்கும். மிதித்ததும் வேக்கம் விழ, வண்டி திணறும். மேனிஃபோல்ட் வேக்கத்துக்கென்றே வடிவமைத்த எஞ்சின்களும் உலகில் உண்டு. அவற்றின் வழக்கத்தை இந்த எஞ்சினில் புகுத்தக் கூடாது.

யூனிட்டைச் சோதிக்கக் கருவி ஏதும் தேவையில்லை. எஞ்சினை நிறுத்தி, கேப்பையும் ரோட்டரையும் எடுத்துவிட்டு, பைப்பைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு திரும்ப வேண்டும். பைப்பின் நுனியை நாக்கால் அடைத்தால் தட்டு அங்கேயே நிற்க வேண்டும். விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்குப் போக வேண்டும். நிற்காமல் நழுவினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது பைப் கசிகிறது. உறிஞ்சியும் அசையாவிட்டால் தட்டு இறுகிக் கிடக்கலாம்.

தட்டு அசையும்போது இன்னொன்றையும் பாருங்கள். தட்டையும் பாடியையும் இணைக்கும் சிறிய எர்த் ஒயர் உள்ளுக்குள் அறுந்து, வெளியே முழுசாகத் தெரியும். மிதிக்கும்போது தட்டு நகர, மிஸ்ஸிங் வரும். காயிலும் கண்டன்சரும் மாற்றித் தீராத மிஸ்ஸிங் அது. தட்டின் பிவட் தேய்ந்திருந்தால், 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைத்த பாயிண்ட் கேப்பும் நிலைக்காது.

மாற்று யூனிட் வாங்குவோர், லூகாஸ் யூனிட்டின் மேல் பொறித்திருக்கும் மூன்று எண்களைப் படியுங்கள். 5-13-10 என்றிருந்தால், 5 அங்குல வேக்கத்தில் நகரத் தொடங்கி, 13 அங்குலத்தில் முடிந்து, டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி தரும் என்று பொருள். கிராங்கில் அது 20 டிகிரி. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு யூனிட்டுகள் வேறு வேறு எஞ்சினுக்கானவையாக இருக்கலாம்.

யூனிட் நன்றாக இருந்தும் திணறல் போகவில்லையென்றால், மேனிஃபோல்டில் வேக்கம் கேஜை மாட்டுங்கள். நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை முள் ஆடாமல் காட்டும். இது கடல்மட்டக் கணக்கு; 1,000 அடிக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் குறையும். சென்னையில் 19 காட்டும் வண்டி ஊட்டியில் 12 காட்டினால் அதில் கோளாறு இல்லை. முள் ஆடாமல் தாழ்வாக நின்றால் டைமிங் தாமதம் அல்லது காற்றுக் கசிவு. கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்ட் இணைப்பு, தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்ட் ஆகியவற்றில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள். ஐடில் மாறும் இடம்தான் கசியும் இடம். பெட்ரோலை ஊற்றிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது.

வால்வ் கிளியரன்ஸ், பாயிண்ட் கேப், பைப்பைக் கழற்றி அடைத்து வைத்துப் பார்த்த டைமிங், வேக்கம் யூனிட், கசிவு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கார்புரேட்டர்: வேலையின் வரிசை இதுதான். இந்த வரிசையை நம்மில் பலர் அறிவோம். ஆனாலும் செய்வதில்லை, ஏனென்றால் பில்லில் இதற்கு ஒரு வரி கிடையாது. கார்புரேட்டர் சர்வீஸுக்குக் கூலி உண்டு. வாயால் உறிஞ்சிப் பார்த்ததற்கு யார் தருவார்கள்? ஆகவே வேக்கம் பரிசோதனையைத் தனி வேலையாகப் பில்லில் எழுதுங்கள், வாடிக்கையாளர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். அதற்கு உரிய கூலியைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.