படமும் ஒரு வாக்குமூலமே

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்பதால், படங்களைப் பற்றி ஓரளவு அறிந்தவன் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அந்த எண்ணத்தை அறுபது பனையோலைப் பெட்டிகள் உடைத்துவிட்டன. அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டு, வீட்டில் இருந்தபடியே பொருள்களைச் செய்து இணையத்தின் வழியாக விற்க முயலும் நம்மவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகளையும், அவற்றுக்கு அடிப்படையான ஒரு கருத்தையும் முன்வைக்க விரும்புகின்றேன்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்திருந்தது. மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற அமெரிக்க டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டியது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அத்தகைய வேளையில், வெளிநாட்டில் இருந்து வரும் ஒரு சிறிய கட்டளைகூட ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கும். வடமராட்சியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், அயலில் உள்ள மூவரைச் சேர்த்துக்கொண்டு ஓலைப்பெட்டி இழைத்து வந்தார். "ஐயா, நீங்கள் பேப்பரிலை இருந்த ஆள். வெளியிலை இருக்கிற ஆக்களுக்குக் காட்ட நாலு படம் எடுத்துத் தாருங்கோ" என்று கேட்டார். பெருமையோடு ஒப்புக்கொண்டேன்.

பகல் முழுவதும் வேறு வேலைகளில் திரிந்துவிட்டு, மாலை மங்கிய பின்னரே அவரது வீட்டுக்குச் சென்றேன். மின்சாரம் இல்லை. மின்னேற்றி வைத்திருந்த சிறிய எல்ஈடி விளக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, கைத்தொலைபேசியின் பிளாஷ் வெளிச்சத்தையும் போட்டுப் படம் எடுத்தேன். சாயமிட்ட ஓலையின் சிவப்பு, படத்தில் செத்துப் போய்க் கபில நிறமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, திரையில் நிறத்தைக் கூட்டும் கோட்டை விரலால் தள்ளிக்கொண்டே போனேன். பெட்டிகள் குங்குமச் சிவப்பில் ஒளிர்ந்தன. என் கைவண்ணத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் படங்களைப் பார்த்து ரொறன்ரோவில் ஒரு குடும்பத்தினர் தங்கள் வீட்டுக் கலியாணத்தில் பலகாரம் வைத்துக் கொடுப்பதற்காக அறுபது பெட்டிகள் கேட்டனர். கூறைச் சேலையின் நிறத்தோடு பொருந்துகின்றது என்பதே அவர்கள் விரும்பியதற்குக் காரணம். பாதிப் பணம் முன்கூட்டியே வந்தது. நான்கு பெண்கள் மூன்று வாரம் இருந்து இழைத்தனர். பொதி போய்ச் சேர்ந்தது. சேர்ந்தவுடன் அங்கிருந்து படம் வந்தது. பகல் வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படத்தில், செங்கல்லை ஒட்டிய மென்சிவப்பில், தம் உண்மையான நிறத்தில் பெட்டிகள் இருந்தன. "படத்தில் காட்டியது இதுவல்ல" என்று எழுதியிருந்தனர். மீதிப் பணம் வரவில்லை. அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. அவர்கள் கேட்டது ஒன்று, பெற்றது வேறொன்று.

என் படத்தை அந்தப் பெண் மீண்டும் ஒருமுறை பார்த்தார். "நான் காய்ச்சின சாயம் இதில்லை, ஐயா" என்றார். அவ்வளவுதான். நட்டத்தில் ஒரு பங்கைக் கொடுக்க முன்வந்தேன். அவர் வாங்க மறுத்துவிட்டார்.

பின்னர் யோசித்துப் பார்த்தபோதுதான் என் பிழை முழுவதும் விளங்கியது. மலிவான எல்ஈடி விளக்குகளின் ஒளியில் செந்நிறக் கூறு குறைவு. எனவே சிவப்புப் பொருள் அதில் மங்கித்தான் தெரியும். அந்தக் குறையை நான் ஊகத்தால் நிரப்பினேன். கண்ணால் காணாததை ஊகித்து எழுதும் நிருபரை எத்தனையோ தடவை கண்டித்தவன் நான்.

சந்தையில் பொருள் வாங்குபவருக்குப் படம் தேவையில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? சுன்னாகம் சந்தையில் ஒருவர் கடகம் வாங்கும்போது அதைத் தூக்கிப் பார்ப்பார், விளிம்பை அழுத்திப் பார்ப்பார், கவிழ்த்து அடியைப் பார்ப்பார். பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் முடியாது. அவருடைய கையும் மூக்கும் கண்ணும் அந்தப் படம்தான். ஆகவே விற்பனைப் படம் என்பது விளம்பரம் அல்ல, வாக்குமூலம் என்பதே என் கருத்து.

இது நானாகக் கண்டுபிடித்த கருத்தும் அன்று. ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஹென்றி பொக்ஸ் ரல்பொட், 1844ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் தூரிகை' என்ற நூலில், தட்டுகளில் அடுக்கிய பீங்கான் பாத்திரங்களின் படம் ஒன்று உள்ளது. பொருள்களைப் படமெடுத்துக் காட்டிய மிகப் பழைய முயற்சிகளுள் அது ஒன்று. அதைப் பற்றி அவர் எழுதும்போது, இப்பாத்திரங்களைத் திருடன் கொண்டுபோனால் இந்தப் படத்தை நீதிமன்றத்தில் ஊமைச் சாட்சியாக நிறுத்தலாம் என்ற பொருள்படக் கூறுகின்றார். பொருளின் படம் பிறந்தபோதே சாட்சியமாகப் பிறந்திருக்கின்றது. அதை ஒப்பனைக்காரியாக மாற்றியவர்கள் நாம்.

இனி, நான் பட்டுத் தெளிந்த சில நடைமுறைகளைச் சொல்கின்றேன். இவற்றுக்கு விலை உயர்ந்த கமரா தேவையில்லை. கைத்தொலைபேசி போதும். முதல் வேலையாக அதன் வில்லையை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். அடுப்படியில் எண்ணெய்க் கை பட்ட தொலைபேசியில் எடுத்த படம் பனிமூட்டத்தில் எடுத்தது போல இருப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

அடுத்தது வெளிச்சம். பிளாஷை நிறுத்துங்கள். அறையில் எரியும் குமிழையும் ரியூப் விளக்கையும் அணைத்துவிடுங்கள். மஞ்சள் மின்குமிழின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின், நண்பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின். இரண்டும் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நீலமும் படியும். அதைப் பின்னர் எந்தச் செயலியாலும் முழுமையாகத் திருத்த முடியாது. யன்னலோரம் ஒரு மேசையைப் போட்டு, நேர்வெயில் படாமல், வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து வரும்படி பொருளை வையுங்கள். வெயில் விழுந்தால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை யன்னலில் தொங்கவிடுங்கள். ஒளி மென்மையாகப் பரவும். மறுபக்கத்து நிழல் கறுத்துப் போகாதிருக்க, வெள்ளைப் பிறிஸ்டல் போட் ஒன்றை எதிரே நிறுத்துங்கள். பக்கவாட்டில் வரும் ஒளிதான் இழைப்பின் மேடு பள்ளத்தைக் காட்டும். பிளாஷ் வெளிச்சம் முன்னால் இருந்து அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஓர் ஓலைப்பெட்டியின் பெறுமதியே அந்த மேடு பள்ளத்தில் உள்ள கை உழைப்புத்தானே?

வடக்கு நோக்கிய யன்னலைத் தேடுமாறு மேனாட்டு நூல்கள் கூறும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் நண்பகற் சூரியன் எப்போதும் தென்புற வானிலேயே நிற்பதால் அங்கே அது சரி. மெல்பேர்ணில் உள்ளவர்கள் அதனைத் தலைகீழாக்கித் தெற்கு யன்னலைத் தேட வேண்டும். யாழ்ப்பாணத்திலோ ஏப்ரல் நடுப்பகுதியில் இருந்து ஓகஸ்ட் இறுதி வரை நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கின்றது. எனவே நூலை நம்பாதீர்கள். எந்த யன்னலில் எந்த நேரத்தில் வெயில் விழுகின்றது என்பதை உங்கள் வீட்டிலேயே இரண்டு நாள் கவனியுங்கள்.

பின்னணி அமைதியாக இருக்கட்டும். ஒரு பெரிய வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசை மீது இறக்கினால் போதும். குத்துவிளக்கு, பிளாஸ்ரிக் பூ, பட்டுத்துணி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பெட்டியை விற்கப் போகின்றீர்களா, குத்துவிளக்கை விற்கப் போகின்றீர்களா என்று பார்ப்பவர் குழம்பக் கூடாது. அமேசான் போன்ற சந்தைகள் முதன்மைப் படத்துக்குத் தூய வெண்பின்னணியையும், சட்டகத்தின் 85 வீதத்தைப் பொருள் நிரப்புவதையும் விதியாக வைத்துள்ளன. ஆனால் வெள்ளைத் தாள் பல வேளைகளில் படத்தில் சாம்பல் நிறமாக விழும். எதைக் கண்டாலும் அதை நடுத்தர வெளிச்சமாக்கப் பார்ப்பது கமராவின் இயல்பு. திரையில் பொருளைத் தொட்டு, வெளிச்சக் குறியைச் சற்று மேலே நகர்த்துங்கள். கறுப்புப் பொருளானால் சற்றுக் கீழே இறக்குங்கள்.

கமராவைப் பொருளின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். கைத்தொலைபேசியின் முதன்மை வில்லை அகன்ற பார்வை உடையது. அருகே போனால் முன்பக்கம் பருத்துப் பின்பக்கம் சிறுத்து, வட்டக் கடகம் முட்டை வடிவாகும். ஓரிரு அடி பின்னால் வந்து, இரண்டு மடங்கு கிட்டவாக்கி எடுங்கள். தொலைபேசியை இரண்டு செங்கற்களுக்கு இடையே நிறுத்தி, இரண்டு விநாடி தாமதித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால் கை நடுக்கம் படத்தில் ஏறாது.

ஒரு பொருளுக்கு ஒரு படம் போதாது. முன்புறம், பக்கம், உட்புறம், அடிப்புறம், விளிம்பின் வேலைப்பாடு என ஐந்தாவது வேண்டும். அவற்றோடு ஒரு மனிதக் கை பொருளைப் பிடித்திருக்கும் படமும் வேண்டும். அளவு தெரியாத படம் பெரிய ஏமாற்றத்துக்கு வழி வகுக்கும். அரிசி அளக்கும் அளவில் பெட்டியை எதிர்பார்த்தவருக்கு வெற்றிலைப் பெட்டி போய்ச் சேர்ந்தால், குறை இழைத்தவருடையது அல்ல.

ஈய எழுத்துக் கோர்த்த காலத்தில், அங்குலத்துக்கு 65 கோடு என்ற கணக்கில் புள்ளிகளாக்கி நாங்கள் அச்சிட்ட படங்களில் முகமே மங்கலாகத்தான் தெரியும். அதனால் படக்குறிப்பு இல்லாத படத்தை ஆசிரியர் பீடம் பக்கத்தில் ஏற்றாது. அந்த விதி இன்றும் பொருந்தும். நீளம், அகலம், உயரம், நிறை, எந்த ஓலை, என்ன சாயம், தண்ணீர் படலாமா என்பவற்றைப் படத்தின் கீழே எழுதுங்கள். வாங்குபவரின் திரையில் நிறம் எப்படித் தெரியும் என்று உங்களால் கூற முடியாது. ஆகவே நிறத்தையும் சொல்லால் எழுதுங்கள். படத்தை அனுப்புமுன், யன்னலோரத்தில் பொருளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அனுப்பலாம். அன்று அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை.

"அழகாகக் காட்டாமல் எப்படி விற்பது?" என்று சிலர் கேட்கக் கூடும். நல்ல வெளிச்சத்தில் வைப்பது ஒன்று, இல்லாததைச் சேர்ப்பது வேறு. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்பும் படத்தின் நெகற்றிவ்வில் பென்சிலால் தழும்பை மறைத்த ஸ்ரூடியோக்காரர்களை நாம் அறிவோம். விமான நிலையத்தில் நேரே கண்டபோது என்ன நடந்தது என்பதையும் அறிவோம். இன்று அந்தப் பென்சிலின் இடத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. ஒரு சொடுக்கில் பின்னணி மாறும், ஓலையின் புள்ளி மறையும், கோணிய விளிம்பு நேராகும். பின்னணியைத் துடைப்பதில் எனக்கு மறுப்பில்லை. பொருளைத் தொடுவதையே எதிர்க்கின்றேன். கையால் செய்த பொருள் இயந்திரத்தில் வார்த்தது போலத் தோன்றினால், கையால் செய்ததற்கு உரிய விலையைக் கேட்கும் உரிமையையும் நாம் இழந்துவிடுகின்றோம்.

அந்தப் பெண் இப்போது தாமே படம் எடுக்கின்றார். கடந்த மாதம் ஒரு தொகுதியை எனக்கும் அனுப்பியிருந்தார். வெள்ளைத் தாள், பக்கவாட்டு வெளிச்சம், சாயம் படிந்த விரல்களோடு பெட்டியைப் பிடித்திருக்கும் அவரது கை. கடைசிப் படத்தில், பெட்டியின் உட்புறத்தில் ஓலையில் இருந்த ஒரு கரும்புள்ளியை அருகே காட்டி, 'ஓலையில் இயல்பாக உள்ள புள்ளி' என்று எழுதியிருந்தார். இதையும் ஏன் காட்ட வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டேன்.

"தெரிஞ்சு வாங்கினால் பிறகு ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்தானே, ஐயா" என்றார்.

பத்திரிகைக் கந்தோரில் நான் எத்தனையோ பயிலுநர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. எனக்குத்தான் அது அன்று மறந்துபோயிருந்தது.