பரண்ல கிடக்குற அரசு லேப்டாப்பை எடைக்குப் போடாதீங்க, தோழர்களே!

"ஓசியில குடுத்தா இப்படித்தான். நாலு வருஷத்துல குப்பை."

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. பேசுறவங்க பெரும்பாலும் சொந்தக் காசுல ரெண்டு லேப்டாப் மாத்தினவங்களாத்தான் இருப்பாங்க. அவங்க லேப்டாப் நின்னா "ரிப்பேர்". நம்ம வீட்டுப் பிள்ளையோடது நின்னா "இலவசத்தின் லட்சணம்"!

2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய திட்டம் இது. எல்காட் நிறுவனம் வாங்கி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தது. எந்த ஆட்சி கொடுத்ததுங்கிறது எனக்கு இப்போ விஷயமே இல்லை. அது நம்ம வரிப்பணம். ஒரத்தநாட்டுலயும் மன்னார்குடியிலயும் பல வீட்டுக்குள்ள நுழைஞ்ச முதல் கம்ப்யூட்டர் அதுதான்.

2013 ஜூலையில் சுப்பிரமணியம் பாலாஜி வழக்குல, தேர்தல் அறிக்கையில இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாதுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. அப்புறமும் 2022-ல் பிரதமர் "ரேவ்டி கலாச்சாரம்"னு மேடையில பேசினார். ஏழை வீட்டுக்குப் போற பொருள்னா மட்டும் இனிப்பு மிட்டாய்!

சரி, அந்த லேப்டாப் ஏன் ஆன் ஆகலை? வயல்ல மோட்டார் ஓடலைன்னா போரையா மூடுறோம்? பீஸ், கெப்பாசிட்டர், காயில்னு வரிசையா பாக்குறோம்ல. இதுவும் அப்படித்தான்.

பட்டனை அமுக்கினா லைட்டே வரலையா? முதல்ல சந்தேகப்பட வேண்டியது சார்ஜர். அடியில இருக்குற ரெண்டு கொக்கியைத் தள்ளினா பேட்டரி தனியா வந்துரும். பேட்டரியையும் சார்ஜரையும் கழட்டிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அமுக்கிப் பிடிங்க. போர்டுல தேங்கி நிக்குற மின்சாரம் வடியும். பிறகு பேட்டரி இல்லாம சார்ஜரை மட்டும் சொருகி ஆன் பண்ணுங்க. வரலைன்னா, அதே வோல்ட், அதே பின் உள்ள வேற சார்ஜரை வச்சுப் பாருங்க. வோல்ட் எவ்வளவுன்னு சார்ஜர் முதுகுலயே எழுதியிருக்கும். பேட்டரி உப்பியிருந்தா திரும்ப மாட்டவே மாட்டாதீங்க, குத்தாதீங்க, அது தீப்பிடிக்கும்.

லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் மட்டும் கருப்பா? டெல்டாவுல இதுதான் அதிகம் பார்க்குறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஈரம் பரண்ல புகுந்தா ராம் பட்டையோட காலில் அழுக்குப் படியும். சார்ஜர், பேட்டரி ரெண்டையும் எடுத்துட்டு, அடி மூடியைத் திறந்து, ராமைக் கழட்டி, பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவா தேய்ங்க. தூளைத் துடைச்சுட்டு, சாய்வா சொருகி 'டக்'னு உட்கார வைங்க. எங்க ஊர்ப் பக்கம் ஒரு தங்கச்சிகிட்ட, "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கம்மா"ன்னு கடைக்காரர் சொல்லிட்டார். குரூப் 4-க்குப் படிக்கிற பொண்ணு, நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ள. செலவு அஞ்சு ரூபா ரப்பர்.

அதுக்கும் மசியலைன்னா ஸ்கிரீன்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. மங்கலா படம் தெரிஞ்சா பின்லைட் கோளாறு. வீட்டு டிவியில கேபிள் போட்டாலே வேலை நடக்கும்.

கம்பெனி பேர் வந்து அப்படியே நிக்குதா? அது ஹார்ட் டிஸ்க்கோ, விண்டோஸோ. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திருச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 கேக்குது. நம்ம பழைய மெஷின் எதுவும் அந்த வாசப்படி ஏறாது. ஓடுற மாட்டுக்குச் சாவுச் சான்றிதழ் கொடுக்குற வேலை இது. நமக்கு லினக்ஸ் இருக்கு. ஆரம்பத்துல வந்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தாங்க. நம்ம நாட்டு சி-டாக் உருவாக்கினது. எத்தனை பள்ளிக்கூடத்துல அதைத் திறந்து காட்டினாங்க?

இங்கதான் என் கோபம். மெஷினைக் கொடுத்த அரசு, பேட்டரியைக் கழட்டக்கூடச் சொல்லிக் கொடுக்கலை. வாரன்டி முடிஞ்சதும் கைகழுவியாச்சு. இன்னைக்குப் பட்டா, பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல் பதிவு எல்லாம் ஆன்லைன். நெல்லை ரோட்டுல கொட்டி வானத்தைப் பார்த்துட்டு நிக்குற விவசாயி, பதிவு பண்ண இன்னொருத்தர் கடையில காத்துக் கிடக்கணும். அவர் வீட்டுப் பரண்லயே ஒரு கம்ப்யூட்டர் தூங்குது!

கம்பெனிகளும் லேசுப்பட்டவங்க இல்லை. 2011 மெஷின்ல பேட்டரி கையோட வரும். இன்னைக்குப் பல மாடல்ல பேட்டரியை உள்ளே ஒட்டி, ராமைப் போர்டோட பற்றவச்சு விக்குறாங்க. பிரான்ஸ்ல 2021-லிருந்து லேப்டாப்புக்கு ரிப்பேர் மதிப்பெண் போட்டுத்தான் விக்கணும். இங்க ஒன்றிய அரசு 2022-ல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டு, ஒரு இணையதளம் திறந்துச்சு. அதுக்கு மேல கட்டாயச் சட்டம் எங்கே?

கேட்போம். டெல்டாவின் ஒவ்வொரு அரசு ஐடிஐ-யிலும் வாரம் ஒருநாள் பழுதுபார்க்கும் மேசை போடு. ராம், சார்ஜர், எஸ்எஸ்டி-யை எல்காட் மொத்த விலையில கொடு. புதுசா கொடுக்குற ஒவ்வொரு லேப்டாப்லயும் பேட்டரியும் ராமும் கழட்டக்கூடியதா இருக்கணும்னு டெண்டர்லயே எழுது.

அதுவரைக்கும் நாம இருக்கோம். இந்த ஞாயித்துக்கிழமை பரண்ல இருந்து இறக்குங்க. லைட் வருதா, ஃபேன் சுத்துதா, எத்தனை பீப் அடிக்குதுன்னு மாடல் பேரோட எழுதி அனுப்புங்க தோழர்களே.